திரைக்கு அப்பால் எத்தனை கப்பல்?

அடுத்த மாதம் எங்கள் ஞாயிற்றுக்கிழமை மேசையில் பெரிய ஆட்டம் ஒன்று இருக்கிறது. குன்னூரில் பெட்போர்டுக்கு மேலே ஒரு நண்பர் வீட்டு முன்னறை. சாப்பாட்டு மேசை இரண்டைச் சேர்த்துப் போட்டு, அதன்மேல் வங்கக் கடல் வரைபடத்தை விரித்து, நடுவில் கொடிக்கயிறு கட்டிப் பழைய போர்வை ஒன்றைத் தொங்கவிடுவோம். போர்வைக்கு இந்தப் பக்கம் நீலத் தரப்பு, அந்தப் பக்கம் சிவப்புத் தரப்பு. சட்டைப் பொத்தான்கள்தான் கப்பல்கள். நடுவர் மட்டும் இரண்டு பக்கமும் போய் வருவார். அவர் எழுதித் தரும் துண்டுச் சீட்டைத் தவிர ஒரு தரப்புக்கு மறுதரப்பைப் பற்றி எதுவும் தெரியாது. படையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள், அருவங்காடு தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள், இப்போது கல்லூரிப் பிள்ளைகள் என்று பத்துப் பேராவது வருகிறோம். டீயும் வர்க்கியும் தீரும்வரை ஆட்டம் நடக்கும்.

கடலே கண்ணில் படாத மலையில் கடல் போரைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் கேட்கிறார்கள். எங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் வெலிங்டன் இருக்கிறது. பிரிவினைக்குப் பிறகு 1947-இல் குவெட்டாவிலிருந்து வந்த முப்படை அதிகாரிகள் பயிற்சிக் கல்லூரியில் வருடா வருடம் கடற்படை அதிகாரிகளும் படித்துவிட்டுத்தான் போகிறார்கள். 1972-இல் படையில் சேர்ந்த போர்க்கப்பலுக்கு இந்த மலையின் பெயர்தான், நீலகிரி. அது ஓய்வு பெற்றபின் 2025 ஜனவரியில் அதே பெயரில் புதுக் கப்பல் வந்திருக்கிறது. நானும் இங்கிருந்து கீழே இறங்கிப் போய்ப் பதினைந்து வருடம் கடற்படையில் ரேடார் பிளாட் பிரிவில் இருந்தவன். எதிரி எங்கே, எத்தனை என்று கண்ணாடிப் பலகையில் குறித்துக்கொண்டே இருப்பதுதான் என் வேலை.

இந்த முறை களம் 1942 ஏப்ரல், இலங்கையைச் சுற்றியுள்ள கடல். நீலத் தரப்பு, அட்மிரல் சோமர்வில்லின் பிரிட்டிஷ் கீழைக் கடற்படை. சிவப்புத் தரப்பு, அட்மிரல் நகுமோவின் விமானந்தாங்கிகள். உண்மையில் நகுமோவிடம் 5 விமானந்தாங்கிகள் இருந்தன. அது எல்லோருக்கும் தெரிந்துவிட்டதால், நடுவர் சீட்டுக் குலுக்கி 2 முதல் 5 வரை ஏதோ ஓர் எண்ணிக்கையைச் சிவப்புக்குக் கொடுப்பார். நீலத்துக்குத் தலைமை எங்கள் பக்கத்து வீட்டுப் பெண். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். நடுவர் முதல் சீட்டுகளை முன்கூட்டியே கொடுத்துவிட்டதால், போன வாரமே படியில் நிறுத்திக் கேட்டாள்.

"மாமா, ரெண்டு சீட்டு வந்திருக்கு. அவங்க எத்தனை பேருன்னு எதை வச்சு முடிவு பண்றது? எதுக்கும் இருக்கட்டும்னு பெருசாவே எடுத்துக்கவா? அவங்க என்ன பண்ண நினைப்பாங்கன்னு யோசிக்கவா? இல்ல, முதல்ல விமானம் அனுப்பித் தேடிடவா?"

அவள் சொன்ன மூன்றும் பழைய வழிகள். மூன்றையும் பெரிய பெரிய அட்மிரல்கள் நம்பி, பிழைத்தும் இருக்கிறார்கள், மூழ்கியும் இருக்கிறார்கள். நாலாவதாக நான் ஒன்று சேர்ப்பேன். அதற்கு முன்னால், எண்ணிக்கையில் ஒன்றிரண்டு தப்பினால் என்ன கெட்டுவிடும் என்று அவள் தம்பி கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

முதல் உலகப் போர்க் காலத்தில் லான்செஸ்டர் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் ஒரு கணக்குப் போட்டார். தூரத்திலிருந்து எல்லோரும் எல்லோரையும் சுட முடிகிற சண்டையில், ஒரு படையின் பலம் அதன் எண்ணிக்கையைப் போல் இல்லை, எண்ணிக்கையின் வர்க்கத்தைப் போல் என்றார். சோமர்வில்லிடம் விமானந்தாங்கி 3, அதில் ஒன்று சிறியது. மூன்றையும் சமமாகவே வைத்துக்கொள்வோம். எதிரி 2 என்றால் 9-க்கு 4. எதிரியை முழுக்க முடித்த பிறகும் நம்மிடம் இரண்டுக்கு மேல் மிஞ்சும். எதிரி 5 என்றால் 9-க்கு 25. நம் மூன்றும் போய்விடும், அவன் இழப்பது ஒன்றே ஒன்று. விமானந்தாங்கிச் சண்டையில் முதல் அடி யாருடையது என்பது இதையும் மீறிய விஷயம், அதனால் இந்தக் கணக்கை அப்படியே பிடித்துக்கொள்ளக் கூடாது. ஆனாலும் எண்ணிக்கையில் விட்ட பிழை களத்தில் எப்படிப் பெருகும் என்று புரிந்துகொள்ள இது போதும்.

இப்போது முதல் வழி. எதிரியால் என்னவெல்லாம் முடியுமோ அதையெல்லாம் செய்வான் என்று வைத்துக்கொள்வது. படைகளில் இதைத்தான் முதலில் சொல்லிக்கொடுப்பார்கள், அதில் நியாயம் இருக்கிறது. அவன் மனதில் இருப்பது இன்று ஒன்று, நாளை ஒன்று. கையில் இருக்கும் கப்பல் ஒரே இரவில் மாறாது. ஆனால் அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். 1939 டிசம்பரில் ஜெர்மனியின் கிராஃப் ஸ்பே, சின்ன பிரிட்டிஷ் கப்பல்கள் மூன்றோடு மோதிவிட்டு, காயத்தோடு மாண்டிவிடியோ துறைமுகத்தில் ஒதுங்கியது. வெளியே ஆர்க் ராயல் என்ற விமானந்தாங்கியும் ரினவுன் என்ற பெரிய போர்க்கப்பலும் காத்திருப்பதாக பிரிட்டிஷார் செய்தியைக் கசியவிட்டார்கள். இரண்டும் ஆயிரக்கணக்கான மைல் தள்ளி இருந்தன. உண்மையில் புதிதாக வந்து சேர்ந்தது கம்பர்லாந்து என்ற ஒரே ஒரு குரூசர், அதாவது நடுத்தரப் போர்க்கப்பல். கேப்டன் லாங்ஸ்டார்ஃப் டிசம்பர் 17-ஆம் தேதி தன் கப்பலைத் தானே வெடி வைத்து மூழ்கடித்தார். அவர் கோழை இல்லை. ஆயிரம் மாலுமிகளின் உயிரை வீணாக்க மனம் வராதவர். ஆனால் எதிரே இல்லாத கப்பலுக்குப் பயந்து இருக்கிற கப்பலை இழந்தார்.

இதைவிட என் மனதை அறுப்பது பி.க்யூ.17. 1942 ஜூலையில் ரஷ்யாவுக்குச் சரக்கோடு போன வணிகக் கப்பல் வரிசை அது. டிர்பிட்ஸ் என்ற ஜெர்மன் ராட்சதக் கப்பல் நார்வேயின் கழிமுகத்தைவிட்டுப் புறப்பட்டுவிட்டதா இல்லையா என்பதுதான் லண்டனில் கேள்வி. உளவுப் பிரிவில் இருந்த நார்மன் டென்னிங் 'இன்னும் புறப்படவில்லை' என்ற பக்கம் நின்றார். அவர் கையில் இருந்த ஆதாரம் எல்லாம் வராத செய்திகள். பெரிய கப்பல் வெளியே வந்தால் 'நம் ஆட்கள் வருகிறார்கள், ஒதுங்குங்கள்' என்று ஜெர்மன் நீர்மூழ்கிகளுக்குத் தகவல் போக வேண்டும், அது போகவில்லை. வழியில் காவல் நின்ற பிரிட்டிஷ் நீர்மூழ்கிகள் எதுவும் டிர்பிட்ஸைப் பார்க்கவில்லை. கடற்படைத் தலைவர் டட்லி பவுண்ட் அவரிடம் உறுதி கேட்டார். டென்னிங்கால் நூற்றுக்கு நூறு உறுதி தர முடியவில்லை, யாராலும் முடிந்திருக்காது. ஜூலை 4 இரவு, கப்பல்கள் ஒன்றை விட்டு ஒன்று கலைந்து போகட்டும் என்று ஆணை போனது. டிர்பிட்ஸ் அப்போது நங்கூரத்தில்தான் இருந்தது. காவல் இல்லாமல் தனித்தனியே போன வணிகக் கப்பல்களை விமானமும் நீர்மூழ்கியும் வேட்டையாடின. 35-இல் 24 போயின. மறுநாள் டிர்பிட்ஸ் வெளியே வந்து எட்டிப் பார்த்துவிட்டு அன்றே திரும்பிவிட்டது.

ஆக, பெரிதாக எடுத்துக்கொள்வதைப் பாதுகாப்பான வழி என்று நினைத்துவிடக் கூடாது. கலைந்து போ என்பதும் ஒரு செயல், அதற்கும் விலை உண்டு. இழந்தால் திரும்பக் கிடைக்காத ஒன்று கையில் இருக்கும்போது மட்டும் இந்த வழிக்கு முதலிடம் கொடுப்பேன். 1916-இல் ஜெர்மனியோடு நடந்த ஜட்லண்ட் கடல் போரில் பிரிட்டிஷ் தளபதி ஜெல்லிகோ, நீருக்கடியில் பாய்ந்து வரும் டார்பிடோவுக்குப் பயந்து திரும்பியதை அந்தக் காலத்தில் நிறையப் பேர் ஏசினார்கள். பிரிட்டனின் பெரிய கப்பல் வரிசை மொத்தமும் அவர் கையில் இருந்தது. அது போனால் மாற்று இல்லை. அந்த இடத்தில் அவர் செய்தது சரி என்றே நினைக்கிறேன்.

இரண்டாவது வழி, எதிரியின் மனதைப் படிப்பது. கேட்பதற்கு இதுதான் கெட்டிக்காரத்தனமாகத் தெரியும், பிள்ளைகளும் இதற்குத்தான் முதலில் ஓடுகிறார்கள். எனக்கு இதில் நம்பிக்கை குறைவு. 1942 ஜூனில் பசிபிக் கடலின் மிட்வே தீவுச் சண்டையில் அமெரிக்கா ஜப்பானின் எண்ணத்தைப் படித்து ஜெயித்ததே என்பார்கள். அவர்கள் மனதைப் படிக்கவில்லை, தபாலைப் படித்தார்கள். ஜப்பானியச் செய்திகளில் 'ஏ.எஃப்' என்று ஓர் இடம் அடிக்கடி வந்தது. அது மிட்வேதானா என்று உறுதி செய்ய, மிட்வேயில் குடிநீர் எந்திரம் பழுது என்று வேண்டுமென்றே வெளிப்படையாக ஒரு செய்தியை அனுப்ப வைத்தார்கள். சில நாளில் 'ஏ.எஃப்-இல் தண்ணீர்த் தட்டுப்பாடு' என்று ஜப்பானியச் செய்தி ஒன்று பிடிபட்டது. யூகித்ததோடு நிற்காமல் சோதித்தும் பார்த்தார்கள்.

மனதை மட்டும் படித்தவர்கள் எதிர்ப்பக்கத்தில் இருந்தார்கள். மிட்வேயை அடித்த பிறகுதான் அமெரிக்கக் கப்பல்கள் வரும் என்பது ஜப்பானியத் திட்டத்தின் அஸ்திவாரம். யார்க்டவுன் என்ற அமெரிக்க விமானந்தாங்கி அதற்கு முந்தைய மாதம் பவளக் கடல் சண்டையில் மூழ்கிவிட்டது என்றும் கணக்கு வைத்திருந்தார்கள். அது பேர்ல் துறைமுகத்தில் மூன்றே நாளில் ஒட்டுப்போட்டுக் கிளம்பி வந்து எதிரே நின்றது. எங்களைப் போன்ற மேசைக்காரர்கள் மறக்கக் கூடாத ஒரு சம்பவமும் உண்டு. புறப்படும் முன் அவர்களும் மேசையில் ஆடிப் பார்த்தார்கள். அதில் ஜப்பானியக் கப்பல்கள் மேல் ஒன்பது குண்டுகள் விழுந்ததாகக் கணக்கு வந்தபோது, தலைமையில் இருந்த உகாகி அதை மூன்றாகக் குறைத்தார், மூழ்கிய கப்பலை மறுபடி மிதக்கவிட்டார் என்று போருக்குப் பின் ஜப்பானியர்களே எழுதியிருக்கிறார்கள். எங்கள் நடுவர் யாருக்காகவும் ஒரு பொத்தானைக்கூடத் திருப்பி வைக்க மாட்டார் என்றால் காரணம் இதுதான்.

நம் கடலிலும் இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. 1971 போரில் பாகிஸ்தானின் காஸி நீர்மூழ்கி நம் விமானந்தாங்கி விக்ராந்தைத் தேடி விசாகப்பட்டினம் வந்தது. விக்ராந்த் அந்தமான் பக்கம் பத்திரமாக இருந்தது. பழைய ராஜ்புத் கப்பல்தான் விக்ராந்தைப் போல வயர்லெஸ் செய்திகளை அனுப்பி, பெரிய கப்பல் இங்கேதான் இருக்கிறது என்று நம்ப வைத்தது. யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். இங்கே மணியை மட்டும் ஆட்டிக் காட்டினார்கள். டிசம்பர் 3-ஆம் தேதி இரவு தாண்டியதும் காஸி துறைமுகத்துக்கு வெளியே மூழ்கியது. எப்படி மூழ்கியது என்பதில் இரு நாடுகளும் இன்றுவரை வேறு வேறு கதை சொல்கின்றன. அது எந்தக் கப்பலைத் தேடி அந்த இடத்துக்கு வந்தது என்பதில் தகராறு இல்லை.

மூன்றாவது, தேடிப் பார்ப்பது. கண்ணால் காண்பதைவிட உறுதி எது என்று தோன்றும். ஆனால் கடலில் கண்ணும் ஏமாறும். ஒருவனைப் 'பெரிய எம்டன்' என்று நாம் சொல்கிறோமே, அந்த எம்டன் 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன ஜெர்மன் கப்பல். அடுத்த மாதம் அது பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழைந்தபோது, மூன்று புகைபோக்கிகளோடு போலியாக நாலாவது ஒன்றையும் கட்டிக்கொண்டு போனது. பார்த்தவர்கள் பிரிட்டிஷ் கப்பல் என்றே நினைத்தார்கள். உள்ளே நின்ற ரஷ்யக் குரூசர் அன்று மூழ்கியது. 1942 மே 7-ஆம் தேதி பவளக் கடலில் ஜப்பானிய விமானி ஒருவர் நியோஷோ என்ற அமெரிக்க எண்ணெய்க் கப்பலை விமானந்தாங்கி என்று அறிவிக்க, எழுபதுக்கு மேற்பட்ட விமானங்கள் அந்தப் பக்கம் பறந்து போய்விட்டன.

தேடுவதற்கு நேரமும் பிடிக்கும். மிட்வேயில் ஜப்பானின் டோனே கப்பலின் நாலாம் எண் விமானம் அரை மணி நேரம் தாமதமாகக் கிளம்பியது. காலை ஏழரை மணிக்குப் பத்துக் கப்பல்கள் என்று மொட்டையாக ஒரு செய்தி. விமானந்தாங்கி ஒன்றும் இருப்பது போலத் தெரிகிறது என்று சொல்ல இன்னும் ஐம்பது நிமிடம் ஆனது. அந்த ஐம்பது நிமிடத்தில் நகுமோ என்ன செய்திருக்க வேண்டும் என்று எங்கள் மேசையில் மூன்று மழைக்காலமாகச் சண்டை நடக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக, தேடுகிறவன் தன்னையும் காட்டிக்கொள்கிறான். யாருடைய காது நீளம் என்று தெரியாமல் தேடப் போகக் கூடாது. 1971 டிசம்பர் 9 இரவு, டையூ பக்கம் ஒரு நீர்மூழ்கியைத் தேடிப் போன நம் போர்க்கப்பல்கள் குக்ரியும் கிர்பானும் அதைக் கண்டுபிடிக்கும் முன்பே, ஹங்கோர் என்ற அந்தப் பாகிஸ்தான் நீர்மூழ்கி அவற்றைக் கண்டுபிடித்துவிட்டது. நீருக்கடியில் ஒலியை வைத்துத் தேடும் அதன் சோனார் எட்டிய தூரம் நம் கப்பல்களுடையதைவிட அதிகம். குக்ரியோடு 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் போனார்கள். குக்ரியின் கேப்டன் முல்லா கப்பலைவிட்டு வரவில்லை. நான் சேர்ந்த காலத்தில் எங்களுக்குப் பாடம் எடுத்த மூத்த மாலுமி, அந்தப் பெயர் வரும்போதெல்லாம் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுத்தான் பேசுவார்.

நாலாவது வழியை நான் பலகையில் கற்றுக்கொண்டாலும், நன்றாகப் புரிந்தது இந்த மலையில்தான். சில மாதங்களுக்கு முன் ஒரு காலை, தேயிலைத் தோட்டத்துக்குள் போகும் ஒற்றையடிப் பாதையில் மேகம் இறங்கிக் கிடந்தது. பத்தடிக்கு அப்பால் செடி தெரியவில்லை. மேலே கரும்பழுப்பாக ஒரு முதுகு மட்டும் தெரிந்தது, காட்டெருமை. கொழுந்து பறிக்கப் போய்க்கொண்டிருந்த அக்கா ஒருவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். பார்க்கவில்லை, காது கொடுத்தார். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: "இது ஒத்தை தம்பி. கூட்டமா இருந்தா இந்நேரம் நாலு பக்கமும் செடி மடமடங்கும். கன்னு இருந்தா ஒரு சத்தம் வரும். ஒத்தையா நிக்கறதுதான் கெட்டது, சுத்திப் போலாம் வாங்க."

அந்த அக்கா செய்ததை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். கூட்டமா, ஒற்றையா என்று இரண்டு சாத்தியங்களை மனதில் வைத்துக்கொண்டார். கூட்டமாக இருந்தால் என்ன கேட்க வேண்டும், ஒற்றையாக இருந்தால் என்ன கேட்க வேண்டும் என்று பிரித்தார். கேட்டதையும் கேட்காததையும் வைத்துத் தராசைச் சாய்த்தார். எண்ணிக்கை குறைவு என்பதால் ஆபத்து குறைவு என்று எடுத்துக்கொள்ளவும் இல்லை.

அதையே எண்ணில் போட்டால் இப்படி வரும். ஆட்டம் தொடங்கும்போது எதிரி 2 விமானந்தாங்கி என்பதற்கு நூற்றுக்கு 70, 5 என்பதற்கு 30 என்று வைத்துக்கொள். இடையில் உள்ளவற்றை இப்போதைக்கு விட்டுவிடலாம். ஒரு சீட்டு வருகிறது: 'கொழும்பு மேல் நூற்றுக்கு மேற்பட்ட விமானங்கள்.' இரண்டு கப்பல் மட்டும் இருந்தால் ஒரே வீச்சில் இத்தனையை அனுப்புவது அபூர்வம், பத்தில் ஒரு தடவை என்போம். ஐந்து இருந்தால் பத்தில் எட்டுத் தடவை. 70-ஐப் பத்தில் ஒன்றால் பெருக்கினால் 7, 30-ஐப் பத்தில் எட்டால் பெருக்கினால் 24. ஏழுக்கு இருபத்து நாலு. ஒரே சீட்டில் 70-க்கு 30 என்று இருந்தது ஏறக்குறைய 23-க்கு 77 ஆகிவிட்டது. இந்த எண்கள் நான் போட்டவை, அவள் வேறு போடலாம். போட்டதை எழுதி வைக்க வேண்டும் என்பதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். எழுதாவிட்டால் கடைசியில் வந்த சீட்டு முன்னால் வந்ததையெல்லாம் விழுங்கிவிடும்.

இப்படி அமைதியாக எண்ணிப் பார்த்தவர்கள் எவ்வளவு தூரம் சரியாகச் சொன்னார்கள் என்பதற்குத் தரையிலிருந்து ஓர் அத்தாட்சி தருகிறேன். ஜெர்மனி மாதத்துக்கு எத்தனை டாங்கி செய்கிறது என்று உளவாளிகளும் கணித்தார்கள், பிடிபட்ட டாங்கிகளின் வரிசை எண்களை வைத்துப் புள்ளியியல்காரர்களும் கணித்தார்கள். 1940 ஜூனுக்கு உளவுக் கணக்கு 1,000, வரிசை எண் கணக்கு 169. போருக்குப் பின் கிடைத்த ஜெர்மன் பதிவேட்டில் இருந்தது 122.

இந்த வழிக்கும் ஒரு பள்ளம் உண்டு, அதில் சோமர்வில்லே விழுந்தார். அவருக்குக் கிடைத்த உளவு, ஏப்ரல் 1 வாக்கில் இரண்டு விமானந்தாங்கிகள் அளவுக்கு ஒரு படை இலங்கையைத் தாக்க வரும் என்றது. மார்ச் கடைசியிலிருந்து காத்திருந்தார். ஏப்ரல் 2 வரை யாரும் வரவில்லை. பழைய கப்பல்களில் தண்ணீர் குறைந்தது. வராததை 'வரமாட்டான்' என்று எடுத்துக்கொண்டு, மாலத்தீவின் அட்டு பவளத் தீவுக்குத் திரும்பினார். டார்செட்ஷயர், கார்ன்வால் என்ற குரூசர்கள் இரண்டையும் கொழும்புக்கும், சிறிய விமானந்தாங்கி ஹெர்மீஸைத் திருகோணமலைக்கும் அனுப்பினார். ஏப்ரல் 4 மாலை பர்ச்சால் என்ற கனடா விமானி நகுமோவைக் கண்டார், செய்தி முழுக்கப் போகும் முன் சுட்டு வீழ்த்தப்பட்டார். 5-ஆம் தேதி காலை கொழும்பு மேல் நூற்றுக்கு மேற்பட்ட விமானங்கள் வந்தன. அன்று மதியமே ஐம்பதுக்கு மேற்பட்ட குண்டு விமானங்கள் டார்செட்ஷயரையும் கார்ன்வாலையும் மூழ்கடித்தன. 424 பேர் இறந்தார்கள். ஒரே நாளில் பறந்த விமானங்களைக் கூட்டினாலே இரண்டு கப்பல் கணக்கில் அடங்காது. 9-ஆம் தேதி ஹெர்மீஸும் போனது. அந்த வாரம் சென்னையிலிருந்து மூட்டை கட்டி உள்ளூர்களுக்குக் கிளம்பிய குடும்பங்களின் கதையை நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

டென்னிங்கும் வராத செய்தியை வைத்துத்தான் பேசினார், சோமர்வில்லும் வராததை வைத்துத்தான் முடிவு செய்தார். ஒருவர் சொன்னது சரி, ஒருவர் செய்தது தவறு. வித்தியாசம் காதில் இருக்கிறது. டிர்பிட்ஸ் வெளியே வந்தால் சத்தம் கேட்கிற இடத்திலெல்லாம் டென்னிங்குக்குக் காது இருந்தது, அதனால் அவருக்கு வந்த மௌனம் ஒரு செய்தி. சோமர்வில்லுக்கோ அத்தனை பெரிய கடலைத் தேட விரல்விட்டு எண்ணக்கூடிய நெடுந்தூர விமானங்கள்தான். அங்கே மௌனத்துக்கு அர்த்தமே இல்லை. தேயிலைக்குள் அந்த அக்காவின் காது இருந்தது. எனக்கு இல்லை. நான் தனியாகப் போயிருந்தால் அதே நிசப்தம் எனக்கு ஒன்றும் சொல்லியிருக்காது.

ஆனாலும் சோமர்வில்மேல் எனக்கு மரியாதை உண்டு. எண்ணிக்கை தெரியாதபோது என்ன செய்யலாம் என்பதற்கு நான் பார்த்தவற்றில் நல்ல விடை அவருடையதுதான். பகலில் நகுமோவின் விமானங்களுக்கு எட்டாத தூரத்தில் விலகி நிற்பது, இரவில் நெருங்குவது, ரேடார் பொருத்திய அல்பகோர் விமானங்களை வைத்து இருட்டில் டார்பிடோ போடுவது. இது அவருடைய திட்டம். இருட்டில் கப்பலைத் தேட அன்று ஜப்பானிய விமானங்களிடம் ரேடார் இல்லை. எதிரே 2 இருந்தாலும் 5 இருந்தாலும் இந்தத் திட்டம் பெரிதாக மாறாது. எண்ணிக்கையைத் தப்பாகப் போட்டவனையும் இது காப்பாற்றும். அந்த இரவுத் தாக்குதல் கடைசிவரை நடக்கவில்லை, இருவரும் ஒருவரை ஒருவர் தேடித் தவறவிட்டார்கள். ஆனால் அவருடைய பெரிய விமானந்தாங்கிகள் இரண்டும் பிழைத்தன. இழந்த முக்கியமான கப்பல்கள் மூன்றும், திட்டத்தை விட்டுப் பிரித்து அனுப்பியவை.

ஆகவே அவளுக்கு என் யோசனை இது. மனதைப் படிப்பதைக் கடைசியில் வை, சோதித்துப் பார்க்க வழி இருந்தால் மட்டும் எடு. தேடும் விமானத்தை எல்லாத் திசைக்கும் தெளிக்காதே. எந்தத் திசையில் வரும் பதில் உன் முடிவை மாற்றுமோ அங்கே மட்டும் அனுப்பு, எந்தப் பதில் வந்தாலும் அதையேதான் செய்வாய் என்றால் அனுப்பாதே. எதிரியைப் பெரிதாக எடுத்துக்கொள்வதை உன் இரண்டு பெரிய விமானந்தாங்கிகளுக்கு மட்டும் வை, துறைமுகத்துக்கும் சரக்குக் கப்பலுக்கும் வைக்காதே. மற்றதுக்கெல்லாம் தராசை எழுதி வை. முதல் இரண்டு பகலும் மேற்கே ஒதுங்கி இரு. இருட்டுக்காகக் காத்திரு, கப்பலைப் பிரிக்காதே.

இன்னொன்றும் சொன்னேன். பலகையில் இரண்டு நிறப் பென்சில் வைத்துக்கொள்ள வேண்டும். கண்டது கருப்பு, கணித்தது சிவப்பு. இதை நான் விலை கொடுத்துக் கற்றேன். ஒரு பயிற்சியில் என் முறைக்கு முந்தைய முறையில் வந்த ஒரு சோனார் எதிரொலி, 'பாஸிபிள் சப்', அதாவது நீர்மூழ்கியாக இருக்கலாம் என்று குறிக்கப்பட்டிருந்தது. முறை மாறும் அவசரத்தில் கோடு தேய்ந்திருந்ததால் நான் அதன்மேல் அழுத்தி வரைந்தேன். எனக்கு அடுத்து வந்தவர் அந்த அழுத்தமான கோட்டைப் பார்த்து 'பிராபபிள்', அதாவது பெரும்பாலும் நீர்மூழ்கிதான் என்று எழுதினார். விடிவதற்குள் இரண்டு கப்பல்கள் அதைச் சுற்றி வேட்டை நடத்திக்கொண்டிருந்தன. புதிதாக எந்த எதிரொலியும் வரவில்லை, என் பென்சில்தான் அதை நீர்மூழ்கி ஆக்கியது. உண்மையான நீர்மூழ்கி எதிர்த்திசையில் நுழைந்து, எங்கள் எண்ணெய்க் கப்பலைத் தாக்கியதாக நடுவரிடம் புள்ளி வாங்கிக்கொண்டு போய்விட்டது. அன்று சாயங்காலம் பலகையைத் துடைக்கும்போது என் கை நடுங்கியது. போராக இருந்தால் அந்த எண்ணெய்க் கப்பலில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

அவள் கேட்டுவிட்டு நேரே கடைக்குப் போய்ப் பென்சில் வாங்கி வந்தாள். நேற்று அவள் வரைபடத்தைப் பார்த்தேன். இலங்கைக்குத் தென்கிழக்கே, முதல் சீட்டில் வந்த ஒரு புகைக் கோட்டுக்குக் கருப்பில் ஒரே ஒரு சின்ன வட்டம். அதைச் சுற்றிச் சிவப்பில் 2, 3, 4, 5 என்று நாலு எண்கள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் நூற்றுக்கு எத்தனை என்று பொடி எழுத்தில். 4-க்குப் பக்கத்தில் இருந்ததை அழித்துத் திருத்தியிருந்தாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. போர்வைக்கு அந்தப் பக்கம் அவள் தம்பி உட்கார்ந்திருந்தான்.